நோய்க் கணக்கு எழுதுவது எவர் கடன்?

சில ஆண்டுகளுக்கு முன், மாரி வெள்ளம் வற்றிய நாட்களில், வவுனியாப் பக்கத்துக் கமக்காரர் ஒருவர் என்னிடம் வந்தார். காணி வழக்கோ வாய்க்கால் வழக்கோ என்றுதான் முதலில் எண்ணினேன். அவர் பொலித்தீன் பை ஒன்றிலிருந்து எடுத்து என் மேசைமீது வைத்தது, நீரில் ஊறி எழுத்துக் கரைந்துபோன கிளினிக் கொப்பி. ஆறு ஆண்டுகளாக அவருடைய சிறுநீரகம் பட்ட பாடு முழுவதும் அந்தக் கொப்பியிலேதான் எழுதப்பட்டிருந்தது. சிறுநீரக நோயாளருக்கு அரசு வழங்கும் உதவிப்பணத்திற்குச் சான்று கேட்கின்றனர். சான்று கொப்பியில் இருந்தது. கொப்பியை வெள்ளம் கொண்டது. “எனக்கு வருத்தம் இருக்கெண்டு நான் எப்பிடி ஐயா நிரூபிக்கிறது?” என்று அவர் கேட்டார்.

பல தடவை அலைந்தபின், மீண்டும் இரத்தம் சோதிப்பித்து, அவருக்குரிய உதவிப்பணத்தைப் பெற்றோம். ஆயின், கரைந்துபோன ஆறு ஆண்டுகளின் எண்கள் மீளவில்லை. அவை அவர் ஒருவருடைய சொத்து என்றும் நான் கருதவில்லை. அவருடைய எண்களையும், அவரைப் போன்ற பல்லாயிரம் உழவர்களின் எண்களையும் ஒருங்கே வைத்து ஆராய்ந்திருந்தால், இந்த நோய் எதனால் வருகின்றது என்பதற்கு இன்று ஒரு விடையாவது கிடைத்திருக்கும். அந்த ஆராய்ச்சிக்குப் பொறுப்பானவர் எவர்? அதற்குப் பணம் கொடுக்க வேண்டியவர் எவர்? அரசு என்பதே என் விடை. அந்தக் கடனை அரசு நிறைவேற்றவில்லை என்பதே என் குற்றச்சாட்டு.

மருத்துவத் தகவலியல் என்றும், சுகாதாரத் தரவு விஞ்ஞானம் என்றும் படித்தோர் இதனை அழைக்கின்றனர். பெயரைக் கண்டு கமக்காரர் மருள வேண்டியதில்லை. எந்தப் போகத்தில் எந்த நெல் விதைத்தோம், எத்தனை அந்தர் பசளை இட்டோம், எத்தனை மூடை கண்டோம் என்று கணக்கு வைத்திருப்பவன், அடுத்த போகத்தில் ஏமாறான். மக்களின் நோய்களுக்கும் அவ்வாறே கணக்கு வைத்து, அக்கணக்கைக் கணினியின் துணையோடு ஆராய்ந்து, நோயின் மூலத்தைத் தேடும் கலையே இது. ஒருவருடைய கொப்பியில் கிடக்கும் எண் ஏட்டுச் சுரைக்காய். ஓர் இலட்சம் பேருடைய எண்கள் ஒழுங்காகச் சேர்ந்துவிட்டால், அதுவே மருந்துக்கு வழிகாட்டும்.

கணக்கைக் கைவிட்டதால் வந்த காய்ச்சல்

இது புதுமையான கோரிக்கை என்று எவரும் எண்ண வேண்டாம். இந்தத் தீவின் சொந்த வரலாறே இதற்குச் சாட்சி. 1934, 1935 ஆண்டுகளில் மலேரியாக் காய்ச்சல் ஏறக்குறைய 80,000 உயிர்களைக் கொண்டு போனது. அதன்பின் அரசு விழித்தது. 1946 முதல் டி.டி.ரி. மருந்து வீடு வீடாகத் தெளிக்கப்பட்டது. காய்ச்சல்காரரின் விரல் நுனியிலிருந்து ஒரு துளி இரத்தம் கண்ணாடித் துண்டில் ஏற்றிச் சோதிக்கப்பட்டது. ஒவ்வொரு நோயாளியும் எங்கே, எப்போது நோயுற்றார் என்பது ஏட்டில் ஏறிற்று. 1963-இல் நாடு முழுவதிலும் கண்டறியப்பட்ட மலேரியா நோயாளர் 17 பேர் மட்டுமே. வென்றுவிட்டோம் என்ற மிதப்பில் தெளிப்பு நின்றது, விழிப்பும் தளர்ந்தது. 1968, 1969 ஆண்டுகளில் மலேரியா ஐந்து இலட்சத்துக்கு மேற்பட்டோரைப் பீடித்தது. பின்னர் பல பத்தாண்டுகள் பாடுபட்ட பிறகே, 2016-இல் உலகச் சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா அற்ற நாடு என உறுதிப்படுத்தியது.

பதினேழு என்ற எண்ணை வெறும் மருந்து தரவில்லை. மருந்தோடு கணக்கும் கைகோத்து நின்றமையால் வந்தது அந்த எண். அக்கணக்கிற்குப் பணம் கொடுத்தது அரசு. அப்படியாயின், மலேரியாவுக்குச் செய்ததைச் சிறுநீரகத்திற்கு ஏன் செய்யவில்லை?

1990-களில் அநுராதபுர மாவட்டத்திலும் பதவியா போன்ற இடங்களிலும் இந்நோய் வெளிப்படலாயிற்று. நீரிழிவும் இல்லை, இரத்த அழுத்தமும் இல்லை. ஆயினும் வயலில் உழைக்கும் உழவனின் சிறுநீரகம் ஓசையின்றிச் செத்துக்கொண்டிருந்தது. நோய் தெரியவரும்போது காலம் கடந்துவிடும். அது வட மத்திய மாகாணத்தின் எல்லையோடு நிற்கவில்லை. வவுனியாவிலும் முல்லைத்தீவிலும் உழவர்கள் அதே நோயால் வாடுகின்றனர். சிங்கள உழவன் என்றும் தமிழ் உழவன் என்றும் அது பேதம் பார்ப்பதில்லை. உலகச் சுகாதார நிறுவனத்தோடு சேர்ந்து நடத்தப்பட்ட ஆய்வொன்றின் முடிவுகள் 2013-இல் வெளிவந்தன. கட்மியம் என்றனர் சிலர். ஆசனிக்கு என்றனர் வேறு சிலர். கிணற்றுநீரின் புளோரைட்டும் கடினத்தன்மையும் என்றும், களைநாசினி என்றும், கொளுத்தும் வெயிலில் நீரின்றி உழைப்பதே என்றும் கருத்துகள் பெருகின. மத்திய அமெரிக்காவின் எல் சல்வதோர், நிக்கரகுவா நாடுகளின் கரும்புத் தோட்டத் தொழிலாளரும் இத்தகைய நோயால் மாண்டனர். முப்பது ஆண்டுகள் கடந்துவிட்டன. மூலம் இதுவென ஐயமின்றி நிறுவியவர் இன்னும் இலர்.

ஏன் இலர்? அறிஞர்க்கு அறிவு குறைந்தா? அன்று. இவ்வகை நோயை அறிய வேண்டுமானால், நோயுற்றவரை மட்டும் எண்ணினால் போதாது. நலமாயிருக்கும் பல்லாயிரம் பேரை இன்றே பதிவு செய்ய வேண்டும். அவர் குடிக்கும் கிணறு எது, தெளிக்கும் மருந்து எது, வெயிலில் நிற்கும் மணி எத்தனை என்பவற்றை ஆண்டுதோறும் குறிக்க வேண்டும். பத்து, இருபது ஆண்டுகளின் பின், எவர் நோயுற்றார், எவர் தப்பினார் என்று ஒப்பிட வேண்டும். மூன்றாண்டுத் திட்டத்தினாலும் ஐந்தாண்டு உதவியினாலும் இது கைகூடாது. நீண்ட காலம் நிலைத்து நிற்கும் பணம் வேண்டும். அத்தகைய பணத்தை நிலைத்து நிற்கும் நிறுவனமாகிய அரசே கொடுக்க முடியும்.

அமெரிக்க ஐக்கிய நாடு இதனைச் செய்து காட்டியது. 1948-இல், மசச்சூசெற்ஸ் மாநிலத்தின் பிரெமிங்காம் என்னும் சிற்றூரில் 5,209 ஆண்களையும் பெண்களையும் அரசுப் பணத்தில் பதிவு செய்து, ஆண்டுக்கணக்காகப் பின்தொடர்ந்தனர். இரத்த அழுத்தமும் கொலஸ்ட்ரோலும் புகைத்தலும் இருதயத்தைக் கெடுக்கும் என்று நம் ஊர் டொக்டர் இன்று நமக்குச் சொல்லும் அறிவுரை, அந்தச் சிற்றூரின் கணக்கேட்டில் வேரூன்றியது. பிரெமிங்காம் மக்களின் இருதயத்திற்கு ஓர் ஏடு உண்டு. பதவியாவிலும் நெடுங்கேணியிலும் உழும் மக்களின் சிறுநீரகத்திற்கு அத்தகைய ஏடு எங்கே?

கணக்கின்றி இட்ட கட்டளைகள்

ஏடு இல்லாத நாட்டில் என்ன நடக்கும்? ஊகம் ஆட்சி செய்யும். 2015-இல் கிளைபோசேற் என்னும் களைநாசினி தடைசெய்யப்பட்டது. சிறுநீரக நோயே காரணமாகக் காட்டப்பட்டது. 2018-இல் தேயிலை, இறப்பர்த் தோட்டங்களுக்கு மட்டும் தடை தளர்ந்தது. தோட்டத்தில் நஞ்சாகாதது வயலில் மட்டும் நஞ்சாகுமா? எந்த ஆய்வு அப்படிக் கூறிற்று? 2021 மே மாதத்தில் இரசாயனப் பசளைகளினதும் பூச்சிநாசினிகளினதும் இறக்குமதியை ஒரே வீச்சில் நிறுத்தினர். அப்போதும் மக்களின் ஆரோக்கியமே காரணமாக உரைக்கப்பட்டது. அதே ஆண்டு நவம்பரில் அந்தக் கட்டளையைத் தாமே மீட்டுக்கொண்டனர். அதற்குள் பயிர் மஞ்சளித்தது. பெரும்போகத்து விளைச்சல் வீழ்ந்தது. நெல் விளையும் நாடு வெளிநாட்டு அரிசிக்குக் கைநீட்டிற்று.

அந்த இரசாயனங்கள் தீங்கற்றவை என்று நான் வாதாட வரவில்லை. அவை குற்றவாளிகளாயின் தண்டியுங்கள். ஆனால் சாட்சியம் எங்கே? சாட்சியமின்றி ஒருவனைத் தண்டிக்கும் நீதிமன்றை நாம் நீதிமன்று என்போமா? குற்றம் நிறுவப்படாமலே தண்டனை விதிக்கப்பட்டது. அந்தத் தண்டனையை அனுபவித்தவன் உழவன். நோயும் அவனுக்கு, நோய்க்கென்று இட்ட தவறான கட்டளையும் அவனுக்கு.

பிறர் பணத்தில் நம் கணக்கு

இந்நாடு ஆராய்ச்சி அனைத்திற்கும் செலவிடும் பணம், பல ஆண்டுகளாக மொத்தத் தேசிய உற்பத்தியில் நூற்றுக்கு 0.1 என்ற அளவை ஒட்டியே நிற்கின்றது. ஆயிரம் ரூபாவில் ஏறக்குறைய ஒரு ரூபா! அந்த ஒரு ரூபாவையும் விவசாயம், கைத்தொழில், மருத்துவம் எல்லாம் பங்கிட்ட பிறகு, நோய்க் கணக்கின் ஆராய்ச்சிக்கு எஞ்சுவது எத்தனை சதம் என்று வாசகர்களே கணக்கிடலாம்.

ஆகையால் நம் கணக்கைப் பிறர் பணத்தில் எழுதுகின்றோம். கொழும்புப் பல்கலைக்கழகத்தின் பட்டப்பின் மருத்துவ நிறுவனத்தில், டொக்டர்மாருக்கு மருத்துவத் தகவலியல் கற்பிக்கும் பட்டப்பின் படிப்பு நோர்வே நாட்டின் உதவியோடு தொடங்கிற்று. அது வீண்போகவில்லை. 2020 சனவரியில் கொரோனா நோய் தீவை எட்டிப் பார்த்த நாட்களில், விமான நிலையத்தில் வந்திறங்குவோரைப் பதிந்து பின்தொடரும் கணினி ஏற்பாட்டை இலங்கையர் சில நாட்களிலே உருவாக்கினர். ஒஸ்லோ பல்கலைக்கழகம் வளர்த்த இலவச மென்பொருளின்மேல் கட்டிய அந்த வேலையைப் பிற நாடுகள் பலவும் எடுத்தாண்டன. திறமை நம்மிடம் உண்டு என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டுமா?

அந்த மென்பொருளின் பிறப்பும் நாம் அறியத்தக்கது. தென்னாபிரிக்காவில் நிறவெறி ஆட்சி, மக்களை நிறத்தாலும் நிலத்தாலும் பிரித்துப் பதினான்கு சுகாதாரத் திணைக்களங்களை நடத்தியது. 1994-இல் அந்த ஆட்சி வீழ்ந்தபின், எந்தக் கிராமத்தில் எந்தக் குழந்தைக்குத் தடுப்பூசி கிட்டவில்லை என்பதை ஒரே ஏட்டில் காண வேண்டும் என்ற வேட்கையிலிருந்து அது பிறந்தது. அதற்கும் நோர்வே உதவிற்று. யார் எண்ணப்படுகிறார் என்பது யார் மனிதராக மதிக்கப்படுகிறார் என்பதன் அளவுகோல் என்பதை அந்நாட்டு மக்கள் உணர்ந்திருந்தனர்.

நோர்வே மக்களுக்கு நாம் நன்றியுடையோம். ஆனால் இரவல் பணம் என்றும் இரவலே. 1984 முதல், அமெரிக்க உதவியோடு தொண்ணூறு வரையான நாடுகளில் குடித்தொகை, சுகாதார அளவீடுகள் நடந்துவந்தன. எத்தனை தாய்மார் பிரசவத்தில் மாண்டனர், எத்தனை குழந்தைகள் ஐந்து வயதைக் காணவில்லை என்பதைப் பல வறிய நாடுகள் அந்த அளவீட்டாலேயே அறிந்தன. 2025 பெப்ரவரியில் வாசிங்டனில் ஆட்சியின் மனம் மாறியது; அந்த வேலை நிறுத்தப்பட்டது. நம் நாட்டு நோய்க் கணக்கின் உயிர் வேறொரு தலைநகரின் மனமாற்றத்தில் தொங்கலாமா?

ஏட்டில் இடம்பெறாத மாகாணங்கள்

நம்மவர்க்கு இதிலே தனியான வழக்கும் ஒன்று உண்டு. 1981-க்குப் பின், வட கிழக்கு முழுவதையும் அடக்கிய குடிசன மதிப்பீடு 2012-இல்தான் நடந்தது. இடையே 31 ஆண்டுகள்! 1987, 1993, 2000 ஆண்டுகளின் குடித்தொகை, சுகாதார அளவீடுகளில் வடக்கும் கிழக்கும் சேர்க்கப்படவில்லை. 2006, 2007-இல் கிழக்குச் சேர்ந்தது, வடக்கு விடுபட்டது. 2016-இல்தான் 25 மாவட்டங்களும் ஒருங்கே இடம்பெற்றன. போரே காரணம் என்பர். போர் காரணமாகலாம், ஆனால் எண்ணப்படாத அந்த ஆண்டுகளிலும் குழந்தைகள் பிறந்தன, தாய்மார் மாண்டனர், சிறுநீரகங்கள் பழுதுபட்டன. அந்த இருட்டை நிரப்புவதற்கென ஒரு தனி ஆராய்ச்சி நிதி வேண்டும் என்று கேட்பது சலுகை கேட்பதாகாது, நிலுவையைக் கேட்பதாகும்.

இனி, மறுத்துரைப்போரின் வாதங்களைப் பார்ப்போம்.

2022-இல் கடனைத் திருப்ப இயலாது என்று கைவிரித்த நாட்டிற்கு ஆராய்ச்சி எதற்கு என்பர் சிலர். வறியவனுக்கே கணக்கு இன்றியமையாதது. மூலம் அறியாத நோய்க்கு ஆயுள் முழுவதும் இரத்தம் சுத்திகரிக்கும் இயந்திரத்தைச் சுழற்றுவதைவிட, மூலத்தைக் கண்டு தடுப்பது மலிவானது.

தனியார் கம்பனிகள் செய்யட்டும் என்பர் வேறு சிலர். கம்பனிக்கு இலாபம் தரும் நோயைக் கம்பனி ஆராயும். அரை ஏக்கர் தோட்டமும் ஒரு கிணறும் உடையவனின் நோயில் அதற்கு என்ன இலாபம்?

மூன்றாவது வாதம் நம் மக்களின் நெஞ்சிலிருந்து எழுவது. அதை நான் மதிக்கின்றேன். “எங்களை ஏட்டில் எழுதுவது எதற்கு?” என்று அவர்கள் அஞ்சுகின்றனர். 1983 யூலையில் கொழும்பில், வாக்காளர் இடாப்பைக் கையில் வைத்துக்கொண்டு வீடு வீடாகத் தேடி வந்த கூட்டத்தை நாம் மறக்கவில்லை. இடாப்பு உயிரையும் காக்கும், உயிரையும் குடிக்கும். இது நமக்கு மட்டும் வந்த அச்சமும் அன்று. இங்கிலாந்தில் 2013-இல், குடும்ப டொக்டர்மாரிடமிருந்த நோயாளர் பதிவுகளைத் திரட்டுவதற்கு அரசு ஒரு பெருந்திட்டம் வகுத்தது. மக்களுக்குத் தெளிவாகச் சொல்லவில்லை. சம்மதத்தை ஒழுங்காகப் பெறவில்லை. எதிர்ப்பு மூண்டது, 2016-இல் அத்திட்டம் கைவிடப்பட்டது. நம்பிக்கையை இழந்த கணக்கேடு தானும் அழியும் என்பதே அதன் பாடம்.

ஆகவே அச்சத்திற்கு மருந்து ஏட்டை எரிப்பதில் இல்லை. ஏட்டிற்குச் சட்டத்தால் வேலி கட்டுவதில் உளது. தனிப்பட்ட தரவுகளைப் பாதுகாக்கும் 2022-ஆம் ஆண்டின் 9-ஆம் இலக்கச் சட்டத்தை நிறைவேற்றிவிட்டு, 2025 மார்ச்சில் நடைமுறைக்கு வரவேண்டியிருந்த அதன் முக்கியமான பகுதிகளைத் தள்ளிப்போட்டனர். நடைமுறைக்கு வராத சட்டம் கதவில்லாத வேலி.

நாம் கேட்பவை

நம் கோரிக்கைகள் நான்கு. முதலாவது, சுகாதார வாக்குப்பணத்தில் நூற்றுக்கு ஒரு பங்கேனும் நோய்க் கணக்கின் ஆராய்ச்சிக்கென்று சட்டத்தாலேயே ஒதுக்கப்பட வேண்டும். ஆண்டுதோறும் அமைச்சரின் மனநிலையை நம்பி அது நிற்கலாகாது. இரண்டாவது, வவுனியா, முல்லைத்தீவு, அநுராதபுரம், பொலனறுவை மாவட்டங்களின் உழவர் குடும்பங்களை இருபது ஆண்டுகள் பின்தொடரும் ஆய்வொன்றை யாழ்ப்பாணம், வவுனியா, கிழக்கு, ரஜரட்டைப் பல்கலைக்கழகங்கள் சேர்ந்து நடத்த வேண்டும்.

மூன்றாவது, நோயாளியின் பதிவு அவர் போகும் வைத்தியசாலைக்கெல்லாம் அவரோடு போக வேண்டும். மாகாண வைத்தியசாலை ஒரு நிருவாகத்தின் கீழும், போதனா வைத்தியசாலை மத்திய அரசின் கீழும் இருப்பதால் ஏடு இரண்டாகப் பிளவுபடலாகாது. சம்மதப் படிவமும் ஆய்வின் முடிவும் நோயாளியின் மொழியில் இருக்க வேண்டும். தமிழில் இயலாது என்று எவரும் சொல்ல வேண்டாம். 1847-இல் யாழ்ப்பாணம் வந்து மானிப்பாயில் பணிபுரிந்த அமெரிக்க டொக்டர் சாமுவேல் பிஸ்க் கிறீன், மேனாட்டு மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்தார். மருத்துவ நூல்களைத் தமிழில் பெயர்த்தார். அன்று ஓர் அந்நியர்க்கு இயன்றது, இன்று தமிழை ஆட்சிமொழியென அரசியலமைப்பில் எழுதி வைத்துள்ள அரசுக்கு இயலாதா?

நான்காவது, இந்த ஏடுகளைப் பொலிசாரோ படையினரோ வேறெந்தத் திணைக்களமோ நீதிமன்றின் கட்டளையின்றித் தொடலாகாது. மீறுவோருக்குத் தண்டனை உண்டென்று சட்டம் உரைக்க வேண்டும்.

இவை வானத்திலிருந்து விழா. டொக்டர்மாரே, கணக்காளரே, ஆசிரியரே, என் சகோதர சட்டத்தரணிகளே! 2016-ஆம் ஆண்டின் 12-ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டம் நம் கையில் இருக்கின்றது. உங்கள் மாவட்டத்தின் சிறுநீரக நோய் ஆராய்ச்சிக்குச் சென்ற ஐந்தாண்டுகளில் எத்தனை ரூபா ஒதுக்கப்பட்டது, எத்தனை செலவாயிற்று என்று எழுதிக் கேளுங்கள். விண்ணப்பத்தைத் தமிழில் எழுதுங்கள். வரும் விடையை, அடுத்த வரவு செலவுத் திட்ட விவாதத்திற்கு முன் உங்கள் பாராளுமன்ற உறுப்பினரின் கையிலே கொடுங்கள். கமக்காரப் பெருமக்களே! உங்கள் கமக்காரர் அமைப்பின் அடுத்த கூட்டத்தில், பசளையும் விதைநெல்லும் பேசி முடித்தபின், இந்தக் கேள்வியையும் தீர்மானமாக நிறைவேற்றிக் கமநல சேவை நிலையத்திற்கு அனுப்புங்கள். சிங்களக் கிராமங்களின் அமைப்புகளுக்கும் ஒரு பிரதி போகட்டும். அவர்கள் வீட்டிலும் இதே சாவுதான்.

அதுவரையில் உங்கள் கிளினிக் கொப்பியைப் பத்திரமாக வையுங்கள். உங்கள் உடம்பைப் பற்றிய ஒரே சாட்சி இன்று அதுவே. ஓர் அரசின் கடமையைப் பொலித்தீன் பையொன்று சுமந்துகொண்டிருக்கின்றது. அந்தச் சுமையை அது இறக்கி வைக்கும் நாள் வரை நம் குரல் ஓயாதிருப்பதாக!